பிரெஞ்சுச் சந்தையில் தக்காளியைத் தொடலாமா, கூடாதா?

3 ஏப்ரல் 2025 | கோவைப்பை
மே கடைசியில் பத்து நாள் பிரான்ஸ். பாரிஸில் ஐந்து, மிச்சம் ப்ரொவான்ஸ், நீஸ். அடுப்பு உள்ள வாடகை வீடு, அதனால் தெருச் சந்தையில் வாங்கிச் சமைக்கலாம்னு திட்டம். ஒருத்தர் "காயைத் தொட்டால் கடைக்காரர் கத்துவார்"ங்கிறார். இன்னொருத்தர் "பையை எடுத்து நீங்களே பொறுக்கிக்கலாம்"ங்கிறார். எது நிஜம்? கத்தரிக்காயை அமுக்காமல், வெண்டைக்காய் முனையை ஒடிக்காமல் வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

3 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
ரெண்டும் நிஜம். கடைக்குக் கடை மாறும். பைகள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. பழுப்புக் காகிதப் பைக் கட்டோ, சின்ன பிளாஸ்டிக் தொட்டிகளோ வாங்குறவர் பக்கம் கைக்கெட்டுற மாதிரி இருந்தால் நீங்களே பொறுக்கலாம். பை கடைக்காரர் பக்கம் தொங்கி, பழம் கோபுரமா அடுக்கியிருந்தால் கை வைக்காதீங்க. "நெ பா தூஷே" என்று அட்டையில் எழுதியிருந்தால் "தொடாதே"னு அர்த்தம், பேச்சே இல்லை.

வெண்டைக்காய் முனை ஒடிக்கிற வேலை எந்தக் கடையிலும் வேண்டாம்.

தொட முடியலைன்னா நல்லதா எப்படி வாங்குறதுன்னு அடுத்துக் கேட்பீங்க. கடைக்காரர்தான் பொறுக்கித் தருவார். அவர் கேட்கும் கேள்வி "செ பூர் கான்?", அதாவது எப்போ சாப்பிட. "பூர் ஸ சுவார்"னா இன்று ராத்திரிக்கு, "பூர் தமேன்"னா நாளைக்கு. மெலன் (முலாம்பழ வகை), பீச், அத்தி, பேரி, கமம்பெர் சீஸ் எல்லாத்துக்கும் இதே கேள்விதான். மூணு மெலன் வாங்கினால் ஒண்ணு இன்றைக்கு, ஒண்ணு நாளைக்கு, ஒண்ணு வியாழனுக்குன்னு சொல்லலாம், மூணையும் தனித்தனியா மோந்து பார்த்து எடுத்துத் தருவார். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிடுங்க. சொல்லாதவருக்குத்தான் கல் மாதிரிப் பீச் வரும்.

4 ஏப்ரல் | லாசப்பல் அண்ணை
தம்பி, அதுக்கு முதல் "பொஞ்சூர்" சொல்ல வேணும். அதைச் சொல்லாமல் "கிலோ என்ன விலை" எண்டு துவங்கினால் ஆள் அடுத்தவரிட்டத் திரும்பிடும். இது மரியாதைப் பிரச்சினை, மொழிப் பிரச்சினை இல்லை. பொஞ்சூர் சொல்லிப்போட்டு மிச்சத்தைக் கையால காட்டினாலும் சமாளிக்கலாம்.

வரிசை எங்கை துவங்குது எண்டும் பாருங்கோ. நீளமான கடையில நடுவில நிண்டு கையை நீட்டினால் பின்னுக்கு நிக்கிற பாட்டி பேசுவா. கடைக்காரர் விட்டாலும் பாட்டி விடா.

4 ஏப்ரல் | கோவைப்பை
அளவு எப்படிச் சொல்றது? கால் கிலோ, அரை கிலோ?

4 ஏப்ரல் | லண்டன் டப்பா
"யூன் லிவ்ர்"னு கேளுங்க. லிவ்ர்னா பவுண்டு, 450 கிராம் சொச்சம்.

4 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
இல்லை. இங்கிலாந்துப் பவுண்டுதான் 453 கிராம். பிரான்ஸில் லிவ்ர் என்றால் சரியா அரை கிலோ, "தெமி லிவ்ர்" கால் கிலோ. தராசு கிராமில்தான் காட்டும், ஏமாற ஒண்ணுமில்லை. ஆனா "யூன் லிவ்ர்"னு கேட்டவருக்கு 540 வந்தால் "கொஞ்சம் கூடிடுச்சு, பரவாயில்லையா"ன்னு கேட்பார்கள். தலையாட்டுங்க, அல்லது ஒரு பழத்தை எடுக்கச் சொல்லுங்க. யாரும் கோபிக்க மாட்டார்கள்.

விலை அட்டையில் எண்ணைவிட அலகு முக்கியம்:
"லெ கிலோ" தெரிஞ்சது. "லா பியெஸ்" ஒண்ணுக்கு (மெலன், லெட்யூஸ், கூனைப்பூ). "லா பொத்" கட்டுக்கு (முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி). "லா பார்கெத்" சின்னத் தட்டுக்கு, ஸ்ட்ராபெரியில் 250 அல்லது 500 கிராம். எதுன்னு அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், பக்கத்துக் கடையோட ஒப்பிடும் முன்னாடி அதைப் படிங்க. கடைசியா "லே சான் கிராம்", 100 கிராமுக்கு. ஆபத்தே இதில்தான்.

ஆலிவ், உலர்பழம், மிட்டாய், சாசேஜ் எல்லாம் 100 கிராம் விலை. நூகா என்று பாதாம் போட்ட வெள்ளை மிட்டாய்ப் பாளம் வைத்திருப்பார்கள். 4,50 என்று பார்த்துட்டு "ஒரு துண்டு"ன்னு கையைக் காட்டினால் கத்தி எங்கே விழுதோ அதுதான் துண்டு. 400 கிராம் வந்தால் 18 யூரோ. வெட்டும் முன் "சான் கிராம்" என்று சொல்லி, கத்தியை விரலால் நகர்த்திக் காட்டுங்க.

தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 2,50 என்பது இரண்டரை. அவர்கள் 1 எழுதினால் முன்கோடு நீண்டு நம்ம 7 மாதிரி இருக்கும். அவர்களின் 7க்கு நடுவில் குறுக்குக்கோடு உண்டு. குறுக்குக்கோடு இல்லைன்னா 1.

5 ஏப்ரல் | லாசப்பல் அண்ணை
வாயால சொல்ற விலையும் குழப்பும். "த்ருவா கத்ர்-வேன்-தீஸ்" எண்டால் 3,90. மூண்டு, நாலு, இருபது, பத்து எண்டு தனித்தனியாக் காதில விழும். கணக்குப் போடாதேங்கோ, தராசின்ரை மற்றப் பக்கத்துத் திரையைப் பாருங்கோ, வாங்குறவருக்கெண்டே வைச்சிருக்கு. தராசில பச்சை ஸ்டிக்கர், அதில திகதி இருக்கும்: அந்தத் திகதி மட்டும் அரச பரிசோதனை செல்லும் எண்டு அர்த்தம்.

5 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
பணம்: 5, 10 யூரோ நோட்டும் சில்லறையும் தனிப் பையில். 50 நோட்டைக் காலை எட்டு மணிக்கு நீட்டினால் முகம் சுருங்கும். கார்டு நிறைய கடையில் உண்டு, ஆனா "செபே (வங்கிக் கார்டு) 10 யூரோவிலிருந்து" மாதிரி குறைந்தபட்ச அட்டை தொங்கும்.

பை: கையிலேயே கொண்டு போங்க. பிரான்ஸில் மெல்லிய பிளாஸ்டிக் கைப்பை 2016 ஜூலையிலும், காய்கறிக்கான மெல்லிய பை 2017 ஜனவரியிலும் தடை ஆச்சு, மக்கும் வகைக்கு மட்டும் விலக்கு. காகிதப் பை தருவார்கள், அதில் ஈரக் கீரையைப் போட்டால் மெட்ரோ வரும் முன் அடி கிழியும். கோவைப்பை என்ற பெயருக்காவது ரெண்டு துணிப்பை எடுத்துட்டு வாங்க. முட்டை வாங்குறதா இருந்தால் பழைய முட்டை அட்டையும்.

7 ஏப்ரல் | கோவைப்பை
பேரம்?

7 ஏப்ரல் | லாசப்பல் அண்ணை
இல்லை.

7 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
அண்ணை சொன்னது முக்கால் சரி. காய்கறியில் பேரம் கிடையாது, ஆனா சந்தை முடியும் நேரத்தில் விலை தானே விழும். பாரிஸ் சந்தைகள் வார நாளில் மதியம் ஒன்றரை வாக்கிலும், சனி ஞாயிறில் இன்னும் ஒரு மணி கழித்தும் கட்டுவார்கள். கடைசி முக்கால் மணியில் "ஒரு யூரோ, ஒரு யூரோ"ன்னு கூவல் ஆரம்பிக்கும். தட்டோடு, பெட்டியோடு தள்ளுவார்கள். பெட்டி வாங்கினால் மேல் வரிசையைத் தூக்கி அடி வரிசையைப் பாருங்க, அந்த நேரத்தில் அதை யாரும் தப்பா எடுக்க மாட்டார்கள். அடியில் ஒண்ணு அழுகியிருந்தால் சாயந்திரத்துக்குள் நாலாகும். ஒரு பெட்டிப் பீச்சை ராத்திரிக்குள் சட்னியோ ஜாமோ ஆக்கத் தெம்பு இல்லாதவர் வாங்க வேண்டாம்.

காலை 9 முதல் 10 வரை போனால் எல்லாம் இருக்கும், கடைக்காரருக்குப் பேசவும் நேரம் இருக்கும். 11க்கு மேல் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டில் சந்தையில் தோளோடு தோள் இடிக்கும், பாக்கெட்டைக் கவனிங்க.

8 ஏப்ரல் | நீஸ் மிளகாய்
கொசுறு பத்தி யாரும் சொல்லலையே! கறிவேப்பிலை கேட்கிற மாதிரி இங்கே பார்ஸ்லி. மீன்கடையில் ரெண்டு கொத்து பார்ஸ்லியை அவர்களே செருகிடுவாங்க. நாலு காய் வாங்கி முடிச்சு "எ அவெக் ஸஸி?" (இதோட வேற என்ன?)ன்னு கேட்கும்போது "ஸெ தூ, மெர்சி" (அவ்வளவுதான், நன்றி) சொல்லிட்டு, "கொஞ்சம் பார்ஸ்லி?"ன்னா பெரும்பாலும் கிடைக்கும். பேரம் கிடையாது, கொசுறு உண்டு. நமக்கு இது போதாதா?

8 ஏப்ரல் | கோவைப்பை
எந்தச் சந்தைக்குப் போகணும்? பாரிஸில் எழுபது எண்பது இருக்காமே.

9 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
திங்கள் விடுங்க, பாரிஸில் சந்தை கிடையாது. மத்த நாளுக்கு:

அலீக்ர், 12ஆம் வட்டாரம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை. தெருவில் மலிவுக் காய்கறி, நடுச் சதுக்கத்தில் பழைய சாமான், பக்கத்திலேயே போவோ கூரைச் சந்தையில் சீஸும் இறைச்சியும். மெட்ரோ லெத்ரு-ரோலன், 8ஆம் பாதை. தெருவின் முதல் கடையிலேயே வாங்காதீங்க. ஒரு தடவை கடைசி வரை நடந்து விலை பார்த்துத் திரும்புங்க, அதே தக்காளி அரை விலையில் கிடைக்கும்.

பாஸ்டில்: ரிஷார்-லெனுவார் நிழற்சாலை, வியாழன், ஞாயிறு. பெரிசு, எல்லாம் உண்டு.
ரஸ்பாய்: செவ்வாய், வெள்ளி சாதாரணச் சந்தை. ஞாயிறு முழுக்க இயற்கை விவசாயப் பொருள், விலையும் அதுக்கேத்த மாதிரி.
பிரெசிடான் வில்சன்: புதன், சனி. பார்க்க அழகு, பணப்பைக்கு அழகில்லை.
சாக்ஸ்-பிரத்தொய்: வியாழன், சனி. ஈஃபிள் கோபுரம் பின்னணியில் முள்ளங்கிக் கட்டுப் படம் எடுக்கணும்னா இங்கே.

9 ஏப்ரல் | லாசப்பல் அண்ணை
பார்பெஸை விட்டுட்டியள். புதன், சனி, மெட்ரோப் பாலத்துக்குக் கீழை. லா சப்பலில இருந்து 2ஆம் பாதையில ஒரு தரிப்பு, நடந்தாலும் வரலாம். கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், கத்தரிக்காய் மலிவெண்டால் இங்கைதான். சனியில நெரிசல், கைத்தொலைபேசியைப் பின் பொக்கற்றில வைக்காதேங்கோ. கறிவேப்பிலை, முருங்கைக்காய் பார்பெஸில தேடாதேங்கோ, அதுக்கு லா சப்பல் தமிழ்க் கடையள்.

மீன் வாங்குறதெண்டால் ஒரு விசயம். முழு மீனை நிறுத்துப் போட்டுத்தான் வெட்டுவினம், விலை முழு நிறைக்கு. "விதே" எண்டால் குடல் எடுத்துத் தருவினம். குழம்புக்கு வேணுமெண்டால் "ஆன் தார்ன்" எண்டு கேளுங்கோ, வட்டத் துண்டாய் வெட்டுவினம். சொல்லாட்டித் தலையை வாளிக்குள்ள எறிஞ்சு போடுவினம்! "கார்தே லா தெத்", தலையை வையுங்கோ எண்டு முதலிலேயே சொல்லிப்போடுங்கோ. காசு குடுத்த தலை.

இறாலில இன்னுமொரு பொறி. தட்டில ரோசா நிறத்தில கிடக்கிறது ஏற்கெனவே அவிச்சது ("க்யுயித்"), அதைக் குழம்பில போட்டால் ரப்பர். "க்ரூ" எண்டு எழுதின சாம்பல் நிற இறாலைப் பாருங்கோ.

10 ஏப்ரல் | கோவைப்பை
நான் சைவம், அண்ணை. ஆனா தலை விஷயம் அருமை.

10 ஏப்ரல் | நீஸ் மிளகாய்
சைவம்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி! சந்தைச் சாப்பாட்டில் உங்களுக்குக் கண்ணி நிறைய இருக்கு.

பிசலாதியேர்: வெங்காய ரொட்டி மாதிரித் தெரியும், மேலே நெத்திலி ரகம். தப்பெனாட் என்கிற கறுப்பு ஆலிவ் விழுதிலும் அதே நெத்திலி அரைச்சிருக்கும். "சான் ஆன்ஷுவா?"ன்னு கேளுங்க, நெத்திலி இல்லாமலான்னு அர்த்தம். பான் பன்யா ரொட்டிக்குள் டூனா. கோழி சுத்துற அடுப்புக்கு அடியில் பொன்னிறமா உருளைக்கிழங்கு கிடக்கும், வாசனை ஆளை இழுக்கும், ஆனா கோழிக் கொழுப்பு சொட்டிச் சொட்டி வெந்தது. எத்தனையோ சைவர்கள் "வறுத்த உருளைதானே"ன்னு வாங்கிட்டுப் போறாங்க.

நிம்மதியா சாப்பிடலாம்னா சொக்கா. கொண்டைக்கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செப்புத் தட்டில் விறகடுப்பில் சுட்டு, சுரண்டி, மிளகுத்தூள் தூவித் தருவாங்க. நம்ம அடைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. ஆறினால் செருப்பு, நின்னுட்டே சாப்பிடுங்க.

11 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
சீஸையும் சேர்த்துக்கோங்க. கோம்தே, ரொக்ஃபோர், பிரீ த மோ மாதிரி ஏஓபி (விளைந்த ஊர்ப் பெயரைக் காக்கும் சட்ட) முத்திரை உள்ள பழைய வகைகள் கன்றின் இரைப்பை நொதியில்தான் உறையும். பால்தானே என்று நினைக்கிற கண்டிப்பான சைவர்கள் "ப்ரெஸூர் அனிமால்?"னு கேட்கணும். சின்ன ஆட்டுச்சீஸ்காரர் சிலர் தாவர நொதி வைத்திருப்பார்கள், எல்லாரும் இல்லை.

சீஸ் சாப்பிடுபவர்களுக்கு: ஆட்டுச்சீஸ் வயசுப்படி "ஃப்ரே" (தயிர் போல), "தெமி செக்", "செக்" (காய்ந்தது, காரம்). கோம்தே மாதக் கணக்கு, 12, 18, 24. ஏற ஏற உப்பும் பருப்பு வாசமும் கூடும். ருசி பார்க்கக் கேட்கலாம், ரெண்டு வகைக்கு மேல் கேட்டால் ஏதாவது வாங்கணும்.

14 ஏப்ரல் | லண்டன் டப்பா
சித்திரைப் புத்தாண்டுக்குக் கெட்ட செய்தி. 12ஆம் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குப் பயணிகள் சீஸ், வெண்ணெய், பால், ஆடு-மாடு-பன்றி இறைச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. கோமாரி நோய்க் காரணம். பொட்டலம் கட்டியிருந்தாலும், விமான நிலையக் கடையில் வாங்கியிருந்தாலும் தடைதான். என் டப்பா இனிமேல் காலி.

14 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
விமானத்தில் போகிற எல்லாருக்கும் இன்னொண்ணு: மென் சீஸ், தேன், கடுகு விழுது, தப்பெனாட் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. பெட்டியில் போடுங்க. சீஸ்காரரிடம் "சூ வீத்" கேட்டால் காற்று உறிஞ்சிக் கட்டித் தருவார். கட்டி வகைக்கு மட்டும் அதைக் கேளுங்க, கமம்பெரைக் காற்று உறிஞ்சினால் நசுங்கும். சந்தையில் வாங்கின மடக்குக் கத்தியும் பெட்டியில்தான்.

22 ஏப்ரல் | கோவைப்பை
மே கடைசியில் என்ன பழம் நல்லா இருக்கும்? மெலன் தட்டிப் பார்த்தால் தெரியுமா?

22 ஏப்ரல் | லண்டன் டப்பா
தட்டணும். டொங்னு வந்தால் பழுத்தது. அடிவட்டம் பெரிசா இருக்கிற "பெண்" மெலன்தான் இனிக்கும்.

23 ஏப்ரல் | நீஸ் மிளகாய்
தட்டுறது தர்பூசணிக்கு. இங்கே விற்கிற ஷரான்தே ரக மெலனுக்கு மூணு சோதனை: கையில் கனம், அடியில் மணம், காம்பைச் சுத்தி மெல்லிய விரிசல். காம்பு கழலப் பார்க்குதுன்னா பழுத்துடுச்சு. ரொம்ப மணந்தால் இன்னிக்கே சாப்பிடணும், நாளைக்குச் சாராயம். பழத்தில் ஆண் பெண் கிடையாது, அது மாமியார் சொல்ற கதை.

கவாய்யோன் ஊர் மெலன் ஜூனில்தான் சூடு பிடிக்கும். மே கடைசிக்குச் செர்ரி வந்திருக்கும், ஸ்ட்ராபெரி நடக்கும். அதில் கரிகெத் ரகம் நீளமா, லேசாப் புளிப்பா, வசந்த காலத்துக்கு. மரா தே புவா சின்னதா, காட்டு மணத்தோட, ஜூனுக்கு மேல். அஸ்பாரகஸ் கடைசி வாரங்கள்: வெள்ளையைத் தோல் சீவணும், பச்சைக்கு அடியை ஒடிச்சால் போதும். அப்ரிகாட் அந்த நேரத்தில் கண்ணுக்குத்தான் பழம், ஜூன் கடைசி வரை பொறுங்க. அத்தி ஆகஸ்ட்-செப்டம்பர், மிராபெல் (சின்ன மஞ்சள் ப்ளம்) ஆகஸ்ட் நடுவிலிருந்து நாலைந்து வாரம்.

பூசணிப்பூ பஜ்ஜி பிடிக்கும்னா சுக்கினிப் பூ கட்டாக் கிடைக்கும். காலையில் வாங்கி அன்னிக்கே போடுங்க, ராத்திரிக்குள் வாடிடும். உள்ளே எறும்பு இருக்கும், உதறுங்க.

24 ஏப்ரல் | பன்னிரண்டாம் வட்டாரம்
விவசாயியா, மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவரா? பெரிய கேள்வி இதுதான். அட்டையில் விளைந்த நாட்டை எழுதியே ஆகணும், சட்டம். "ப்ரொடுக்தர்", "மரெஷே" என்றால் விளைவிப்பவர். அதுக்கு மேல் பொதுப்புத்தி: ஒரே மேசையில் வாழைப்பழம், அவகாடோ, செர்ரி, ஆப்பிள் எல்லாம் இருந்தால் அவர் வாங்கி விற்பவர். அது குற்றமில்லை, "பண்ணையிலிருந்து நேரா"ன்னு நீங்க கற்பனை பண்ணாமல் இருந்தால் சரி. அஞ்சாறு பொருள் மட்டும், மண் ஒட்டியபடி, கோணல்மாணலா வைத்திருப்பவர் முன்னாடி உள்ளூர்க் கிழவிகள் வரிசை நின்றால் கண்ணை மூடிச் சேருங்க.

"மாட்டிதயம்" (கேர் த பெஃப்) தக்காளின்னு மடிப்பு மடிப்பா, பை முடிச்சு மாதிரி ஒண்ணு விற்கும். அசல் வகைக்கு அந்த ஆழ மடிப்பு கிடையாது, வழவழன்னு இதய வடிவில் இருக்கும். மடிப்புள்ளது பெரும்பாலும் கலப்பினம், உள்ளே வெற்றிடம், ருசி தண்ணி. பெயருக்கு ரெட்டை விலை கொடுக்காதீங்க.

2 மே | கோவைப்பை
நேத்து செய்தியில் பார்த்தேன், மே 1க்குப் பிரான்ஸே பூ வாங்குதாமே.

2 மே | நீஸ் மிளகாய்
முகே. சின்ன வெள்ளை மணிப்பூ, ஒரு கிளை கொடுத்தால் அதிர்ஷ்டம். அன்னிக்கு மட்டும் யார் வேணாலும் தெருவோரம் விற்கலாம்னு பழக்கம். வீட்டில் குழந்தை, பூனை இருந்தால் ஜாக்கிரதை: செடி முழுக்க விஷம், ஜாடித் தண்ணிகூட.

3 மே | பன்னிரண்டாம் வட்டாரம்
பூ என்று வந்தால் பாரிஸில் எல்லாரும் சித்தே தீவின் பூச்சந்தைக்கு ஓடுவார்கள். 1808இலிருந்து நடப்பது, 2014இல் ராணி இரண்டாம் எலிசபெத் பெயர் வைத்தார்கள். மெட்ரோ சித்தே, 4ஆம் பாதை. பச்சை இரும்புக் கூடாரங்கள் பார்க்க ஜோர். ஆனா அங்கே பெரும்பாலும் தொட்டிச்செடி, ஆர்கிட், அலங்காரச் சாமான். பயணி தொட்டியை வைத்து என்ன பண்ணுவார்? இந்தியாவுக்குச் செடியோ விதையோ கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழ் வேணும். வாடகை வீட்டு மேசைக்குக் கொத்துப்பூ வேணும்னா உங்கள் பேட்டைக் காய்கறிச் சந்தையின் பூக்கடைதான் மலிவு, புதுசும்கூட.

கட்டு ("பொத்") கணக்கில் வாங்குங்க, கலந்து கட்டிய "பூக்கே"வுக்குக் கைவேலைக் காசு சேரும். மே-ஜூனில் பியோனி. விரிந்ததை வாங்காதீங்க, பட்டாணி மாதிரி இறுகின மொட்டும் வேண்டாம், அது திறக்காமலே போகலாம். மொட்டு நிறம் காட்டி, விரலால் அமுக்கினால் பஞ்சுமிட்டாய் போலக் கொஞ்சம் நெகிழணும். அமுக்குவது நீங்க இல்லை, கடைக்காரரைக் கேளுங்க. வீட்டுக்கு வந்ததும் தண்டைச் சாய்வா ரெண்டு சென்டிமீட்டர் வெட்டி, தண்ணிக்குள் மூழ்கும் இலையை உருவிடுங்க. ஜாடி இல்லைன்னா ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டிலின் கழுத்தை வெட்டினால் போதும்.

"ஸெ பூர் ஒஃப்ரீர்?" என்றால் பரிசுக்கா என்று கேட்கிறார். "வி" சொன்னால் காகிதம், நாடா எல்லாம் சேர்த்துச் சுற்றித் தருவார், தனிக் காசு இல்லை.

3 மே | லாசப்பல் அண்ணை
பரிசுக்கு எண்டால் செவ்வந்தி வாங்கிப் போடாதேங்கோ! எங்களுக்குக் கோயில் பூ, மாலைப் பூ. இவைக்கு நவம்பர் 1 கல்லறைப் பூ. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்குச் செவ்வந்தித் தொட்டியோட போய் நிண்டால் வாசலிலேயே முகம் வெளிறிப்போவினம். கார்னேஷனையும் சில பேர் ராசியில்லை எண்டுவினம். ரோசாவெண்டால் ஒற்றைப்படை எண்ணிக்கை, 13 வேண்டாம்.

4 மே | நீஸ் மிளகாய்
நீஸ் வந்தால் கூர் சலேயா. செவ்வாய் முதல் ஞாயிறு வரை பூவும் காயும், திங்கள் பழம்பொருள். காய்க்கடை மதியத்தோட மூடும், பூக்கடை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். இங்கே விலை கடற்கரை விலை. உள்ளூர்க்காரங்க லிபெராசியோன் சந்தைக்குப் போவாங்க, டிராம் 1, அதே பேர் நிறுத்தம், திங்கள் விடுமுறை. பூ பார்க்க சலேயா, கத்தரிக்காய் வாங்க லிபெராசியோன்.

ஜனவரி-மார்ச்சில் வர்றவங்களுக்கு மிமோசா. மஞ்சள் பொடி உருண்டை. நம்ம ஊட்டி, கொடைக்கானலில் வாட்டில்னு காடெல்லாம் முளைச்சுத் தொல்லை கொடுக்குதே, அதே மரம்தான். இங்கே கட்டுக் கட்டா காசு! வெதுவெதுப்பான தண்ணியில் வைங்க, ஹீட்டர் பக்கம் வைக்காதீங்க, ரெண்டு நாளில் உதிரும்.

6 மே | பன்னிரண்டாம் வட்டாரம்
ப்ரொவான்ஸுக்கு நாள் கணக்குத்தான் எல்லாம், ஊருக்கு ஊர் வேற நாள்:
செவ்வாய் வேசோன்-லா-ரொமேன். புதன் சேன்-ரெமி. வெள்ளி கார்பான்த்ரா, லூர்மரேன். சனி ஆர்ல், ஆப்த், ஊஸெஸ். ஞாயிறு லீல்-சூர்-லா-சோர்க். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் ரிஷெல்ம் சதுக்கத்தில் தினமும் காய்கறி. செவ்வாய், வியாழன், சனி பெரிய சந்தை.

லீல் ஞாயிறுக்குக் கார் கொண்டுபோனால் ஒன்பது மணிக்கு முன்னாடி போய்ச் சேருங்க, இல்லைன்னா நிறுத்த இடமில்லை. அவின்யோன் சென்டரிலிருந்து ரயில் உண்டு, இறங்குமிடம் லீல்-ஃபோன்தேன்-த-வோக்லூஸ்.

அங்கே காய்கறியைவிட நினைவுப்பொருள் ஜாஸ்தி. லாவெண்டர் பைகளில் பெரும்பாலும் லாவந்தேன் என்கிற கலப்பினம், கற்பூர நெடி தூக்கலா அடிக்கும். துணிக்கு அது போதும், சொல்லப்போனா வாசனை நிற்கும். ஆனா "அசல் லாவெண்டர்" விலை கொடுக்க வேண்டாம். மூலிகைக் கலவையில் பெயரை மட்டும் பார்த்து விளைந்தது ப்ரொவான்ஸ் என்று நம்ப வேண்டாம்.

ஆலிவ் கடையில் மட்டும் தாராளமா ருசி பாருங்க: லூக் (பச்சை, பிறை வடிவம், வெண்ணெய் மாதிரி), நியோன்ஸ் (கறுப்பு, சுருங்கினது, நம்ம உப்பு நாரத்தைக்குப் பக்கத்தில் வரும்), சின்ன நிசுவாஸ்.

7 மே | பன்னிரண்டாம் வட்டாரம்
விட்டுப்போச்சு: பழம் கழுவ பாரிஸில் பச்சை வாலஸ் குழாய் (1872இலிருந்து நிற்கிறது), குடிக்கும் தண்ணிதான், மார்ச் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை ஓடும். தெருக் கழிப்பறைப் பெட்டி பாரிஸில் இலவசம், ஒவ்வொருவர் வெளியே வந்ததும் தானே கழுவிக்கொள்ளும். அதுக்குள் நுழைந்துவிடாதீங்க, கதவு மூடி மறுபடி திறக்கும் வரை பொறுங்க.

11 ஜூன் | கோவைப்பை
வந்தாச்சு. முதல் பதிவில் கேட்டதுக்குப் பதில்: அலீக்ர் தெருவில் தொடலாம், சீஸ் கூரைக்குள் கூடாது, எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் பாதிக்குப் பாதி. ஒரு திருத்தம்: "பூர் தமேன்"னு சொல்லி வாங்கின பீச் நாளை மறுநாள்தான் பழுத்தது. ஃப்ரிட்ஜில் வைத்தது தப்போ?

11 ஜூன் | நீஸ் மிளகாய்
ஃப்ரிட்ஜ்தான் தம்பி. பீச், தக்காளி, மெலன் வெளியே, காம்பு கீழே இருக்க, ஒண்ணை ஒண்ணு தொடாமல். பழுத்த பிறகு மட்டும் உள்ளே, சாப்பிட ஒரு மணி முன்னாடி வெளியே எடுங்க.

12 ஜூன் | லாசப்பல் அண்ணை
வெண்டைக்காய்?

12 ஜூன் | கோவைப்பை
பார்பெஸில் கிடைச்சது அண்ணை. ஒடிக்கலை. பாதி முத்தல்.